வேதவல்லி வரம்பு

ஆகஸ்ட் 8, வியாழன்

துறைக் கருத்தரங்கில் இன்று ஜெபக்கனியை ஒரு வழி பண்ணிவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற கடைசிப் பெண் இவள். அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. இவளுக்கு ஊர் தூத்துக்குடி, அப்பா உப்பளத்தில் கணக்கெழுதுகிறார். கெட்டிக்காரி. ஆனால் தான் கெட்டிக்காரி என்று தெரிந்த கெட்டிக்காரி. அந்த வகை எனக்கு ஆகாது.

தலைப்பு நான் கொடுத்ததுதான். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய ஒரு துகளின் மேல் ஒளி விழுந்தால் அது நாலா பக்கமும் சிதறும். வானம் நீலமாக இருப்பது அதனால்தான். துகளின் குணம் மாறாது என்று வைத்துக்கொண்டே இதுவரை எல்லோரும் கணக்குப் போட்டோம். இவளுடைய துகள் அப்படியில்லை. ஒளி விழுந்துகொண்டிருக்கும்போதே தன் ஒளிவிலகல் எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். நாலாம் அத்தியாயத்தின் முடிவு என்று இன்று ஒரு படத்தைத் திரையில் போட்டாள். துகளின் மேல் விழுகிற ஒளியைவிட வெளியே வருகிற ஒளி அதிகம்.

"அப்போ மேடத்தோட வரம்பு?" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

வேதவல்லி வரம்பு என்பது நான் இளைத்துத் துரும்பாகி நிரூபித்தது. மிகச் சிறிய துகள் எதுவும் தன்மேல் விழுந்ததற்கு மேல் சிதறடிக்காது, அதிகபட்சம் இவ்வளவுதான் என்று சொல்கிற ஒரு வரிச் சூத்திரம். வெளிநாட்டுப் பாடப்புத்தகம் ஒன்றில் அடிக்குறிப்பாக வந்திருக்கிறது. என் பெயரில் இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். வீடுகூட என் கணவர் பெயரில் இருக்கிறது.

"எந்தப் புத்தகத்துலேர்ந்து சூத்திரம் எடுத்தே? நம்ம புத்தகமா, இன்ஜினியர் புத்தகமா?" என்று கேட்டேன்.

இது எங்கள் தொழிலின் பழைய பள்ளம். அலையைக் கணக்கில் எழுதும்போது, காலத்தைக் குறிக்கும் எழுத்துக்கு முன்னால் இயற்பியல்காரர்கள் நாங்கள் கழித்தல் குறி போடுவோம், பொறியியல்காரர்கள் கூட்டல் குறி போடுவார்கள். இரண்டு புத்தகத்தையும் கலந்துவிட்டால், ஒளியை விழுங்குகிற துகள் ஒளியைக் கக்குவதாகக் கணக்கு வரும். இந்தப் பள்ளத்தில் விழாதவர்கள் எங்களில் யாரும் இல்லை.

"ரெண்டு விதத்துலயும் போட்டுப் பாத்துட்டேன் மேடம். குறில தப்பில்ல. ஒளி கூடத்தான் செய்யுது."

"எங்கேர்ந்து வருது அந்தக் கூடுதல்? சாமி குடுத்துதா?"

"துகளோட குணத்த மாத்திக்கிட்டே இருக்கதுக்கு வெளிய இருந்து சக்தி குடுக்கோம்லா மேடம், அதுல இருந்து வருது. ஊஞ்சல்ல நின்னுக்கிட்டு கால மடக்கி மடக்கி நீட்டுனா, யாரும் தள்ளாமலே ஒசரமாப் போகும்லா. அது மாதிரிதான்."

"ஊஞ்சல் ஆடத்தான் மாசாமாசம் ஸ்டைபண்டு வாங்கறியா?" என்றேன். முதலாண்டு மாணவர்கள்வரை எல்லோரும் சிரித்தார்கள். அவள் லேசர் பேனாவை அணைத்துவிட்டாள். குறியைத் திருத்தும்வரை என் கையெழுத்து கிடைக்காது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வாஷிங் மெஷின் மெக்கானிக் வருவதாகச் சொன்னான். எனக்கு வகுப்பு, இவருக்கு முழங்கால் வலிக்கு டாக்டர். ஜெபக்கனியை வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனோம். மெக்கானிக் மாலைதான் வந்தானாம். அதுவரை சும்மா இருக்காமல் துணியைக் கையாலேயே துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கேட்காமலே செய்வது நல்ல குணம்.

ஆகஸ்ட் 21, புதன்

குறியை மாற்றிக் கொண்டுவந்தாள். இப்போது வரைகோடு அழகாக என் வரம்புக்குக் கீழே அடங்கிக் கிடக்கிறது.

"மாத்திட்டேன் மேடம். ஆனா எனக்கு மனசு ஒப்பல."

"மனசு ஒப்பறதுக்கு நீ கல்யாணமா பண்ணிக்கப் போறே?" என்றேன்.

சிரிக்கவில்லை. ஊரில் அவள் படித்த கல்லூரியில் ஒரு உதவிப் பேராசிரியர் இடம் இவளுக்காக வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போடுவார்கள். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். குறி மாற்றாத முதல் வரைவு அவள் முன்பு அனுப்பிய மின்னஞ்சலில் கிடக்கிறது, அழிக்க வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அழிக்கவில்லை. மறந்துபோகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

இவர் கோவிலுக்குப் போயிருந்தார். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, பொழுது போகாமல் என் பழைய நிரூபணத்தை எடுத்து அந்த மாறுகிற துகளுக்குப் பொருத்திப் பார்த்தேன். மூன்றாவது வரியில் வண்டி நின்றுவிட்டது. துகளின் குணம் காலத்தோடு மாறாது என்று அந்த வரியில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டேன் என்று எழுதக்கூட இல்லை. அந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் நினைத்தார்கள்?

கூட்டல் குறி வழக்கத்தில் போட்டேன். கழித்தல் குறி வழக்கத்தில் போட்டேன். இரண்டிலும் ஒளி கூடுகிறது. ஒளியின் அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் துகள் தன் குணத்தை மாற்றிக்கொண்டால், என் வரம்பைத் தாண்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. குக்கர் எத்தனை சத்தம் போட்டது என்று தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

பால்கனியில் வந்து நின்றேன். கீழே குடியிருப்புப் பிள்ளைகளின் ஊஞ்சலில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டு ஆடினாள். தள்ளிவிட ஆள் இல்லை. ஒரு முறை போய் வருவதற்குள் இரண்டு முறை காலை மடக்கி நீட்டுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இந்தச் சனியனுக்கு என்று ஆத்திரமாக வந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. பருப்புதான் காரணம்.

அக்டோபர் 14, திங்கள்

ராகு காலம் முடிந்ததும் வரச் சொல்லியிருந்தேன். அட்டை போட்ட ஆய்வேடுகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். புது அட்டையின் பசை வாசனை அறை முழுக்க அடித்தது.

"நாலாம் அத்தியாயத்துல ஒண்ணும் மாத்த வேண்டாம்லா மேடம்? கடைசியா ஒரு வாட்டி கேட்டுக்கிடுதேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். இப்போது நிறுத்தினால் அட்டையைப் பிரித்து, திரும்ப எழுதி, குழுவைக் கூட்டி, அனுமதி வாங்கி எல்லாம் முடியப் பல மாதம் ஆகும். கல்லூரி வேலை கைவிட்டுப் போகும். ஏன் நிறுத்தினேன் என்று துறைத்தலைவர் கேட்பார். அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நாலாம் அத்தியாயத்தையெல்லாம் யாரும் படிப்பதில்லை.

"இந்த ஆய்வு இவருடைய சொந்த முயற்சி என்று சான்றளிக்கிறேன்" என்ற பக்கத்திலும் போட்டேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், அவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எனக்காகச் செய்திருக்கிறாள்.

நவம்பர் 10, ஞாயிறு

எழுத ஆரம்பித்துவிட்டேன். காலத்தோடு மாறும் துகள்களுக்கு வேதவல்லி வரம்பு பொருந்தாது என்று வேதவல்லியே எழுதுகிறேன். எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு? என் வரம்பை உடைப்பதானால் நான்தான் உடைக்க வேண்டும். வழியில் போகிறவர்கள் உடைக்க அது என்ன தேங்காயா?

நவம்பர் 24, ஞாயிறு

கட்டுரை மளமளவென்று வருகிறது. இந்த வயதில் இப்படி வருவது எனக்கே ஆச்சரியம். ஜெபக்கனியின் ஆகஸ்ட் வரைவு பக்கத்தில் திறந்திருக்கிறது, சரிபார்க்க. சில பத்திகள் ஏற்கெனவே ஒழுங்காக இருந்தன. நன்றாக இருப்பதைத் திருப்பி எழுதுவானேன்? அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான். படங்களுக்கு நிறத்தை மட்டும் மாற்றினேன். முதல் பத்தியில் ஊஞ்சலை வைத்து ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறேன். எங்கிருந்து தோன்றியதோ, பொருத்தமாக அமைந்துவிட்டது.

இவர் காப்பியை வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷர், இயற்பியலில் அரிச்சுவடி தெரியாது.

"ஊஞ்சல்னு இருக்கே. அன்னிக்கு அந்தப் பொண்ணு சொல்லி நீ திட்டினேன்னியே, அதுவா இது?"

"அது வேற, இது வேற."

"அவ பேரையும் போடுவியோன்னோ?"

"தீசிஸ்ல குறிய மாத்திப் போட்டுட்டு, கட்டுரைல மாத்தாம போட்டா அவளுக்குத்தான் கேவலம். தீசிஸ் உள்ள போயிருக்கு. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்கோ."

"நான் யோசிக்கல வேதா. நீதான் யோசிச்சு வெச்சிருக்கே" என்றார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு ராத்திரிவரை சாப்பிட வா என்பதற்கு மேல் பேச்சில்லை.

ஜனவரி 30, வியாழன்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பெரிய இதழ். மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த ஊஞ்சலைப் பற்றித் தனியாகப் பாராட்டி எழுதியிருக்கிறார். துறையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் தன் கோட்பாட்டையே திருத்துகிற துணிச்சல் யாருக்கு வரும் என்று துறைத்தலைவர் பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெபக்கனி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள். அவளுக்கு லட்டு அனுப்ப வழியில்லை.

ஏப்ரல் 16, புதன்

கட்டுரை வெளிவந்தது. ஜெபக்கனியின் வாய்மொழித் தேர்வு வருகிற வாரம். தேர்வாளர் கோவைப் பேராசிரியர் அருணகிரி. பெயர் கொடுத்தது நான்தான், சாது மனிதர் என்று. அவள் போனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்யட்டும் என்று கேட்டாள். ஆய்வு மாணவர் செலவில் தேர்வாளருக்கும் துறைக்கும் விருந்து வைப்பது இங்கே நடைமுறை. யார் ஆரம்பித்தார்களோ, நிறுத்த யாருக்கும் தைரியமில்லை. அவர் சைவம், எளிமையாக இருந்தால் போதும் என்றேன். கட்டுரையைப் பற்றி அவளிடம் சொல்ல நினைத்தேன். தேர்வு நேரத்தில் எதற்குக் குழப்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. அவள் அப்பா முதல் வரிசையின் ஓரத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவள் பழக்கமில்லாத பட்டுப்புடவையின் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். முதல் மூன்று அத்தியாயங்களும் அருமை. நான்கு வந்தது.

"ஒரு நிமிஷம்மா" என்றார் அருணகிரி. "இந்தக் கோடு வரம்புக்குக் கீழ இருக்கே. மேல போகணுமே. குறியை மாத்திப் போட்டிருக்கீங்களோ?"

அவள் திரையைப் பார்த்தாள்.

"உங்க கைடு போன வாரம்தான் இதே கணக்குக்குச் சரியான விடையோட ஒரு பேப்பர் போட்டிருக்காங்க. ஊஞ்சல் உதாரணம்கூட எவ்வளவு தெளிவா சொல்லியிருக்காங்க. நீங்க அதைப் படிக்கலையா?"

ஊஞ்சல் என்ற வார்த்தை வந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆகஸ்டில் சிரித்த பையன்கள் எல்லோரும் அரங்கில் இருந்தார்கள். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தேன், மூடி வரவில்லை.

"சொல்லுங்கம்மா. சரியா இருந்ததை யாராவது மாத்தச் சொன்னாங்களா, இல்ல நீங்களே மாத்தினீங்களா?"

இனிமேலும் நெறியாளர் கையெழுத்து இல்லாமல் இந்த ஆய்வேடு ஒரு அடி நகராது. அவளுக்கு அது தெரியும். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"நான்தான் சார் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள்.

நல்ல பெண். அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு உண்மையாகவே பாசம் பொங்கியது.

நாலாம் அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று அருணகிரி எழுதினார். "மே முடியறதுக்குள்ள அனுப்புங்கம்மா, வந்த அன்னிக்கே பார்த்துக் குடுத்துடறேன்" என்றும் சொன்னார். பட்டம் இன்று இல்லை என்பது அவள் அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் கை தட்டுவதற்காகக் கைகளைத் தயாராக வைத்திருந்தார்.

பிறகு சாப்பாடு. அவளே இலை போட்டுப் பரிமாறினாள். அருணகிரிக்கு இரண்டாவது தடவை வத்தக்குழம்பு ஊற்றினாள். அவள் ஊர் இனிப்பான மக்ரூன் டப்பா ஆளுக்கு ஒன்று. என் இலைக்கு வந்தபோது, "ரசம் விடவா மேடம்?" என்றாள். போதும் என்றேன். ஊற்றிவிட்டுத்தான் போனாள்.

அவள் சாப்பிட்டாளா என்று நான் கவனிக்கவில்லை.

மே 2, வெள்ளி

மக்ரூன் நமுத்துவிட்டது. இவர் தொடவே இல்லை.

மே 19, திங்கள்

ஜெபக்கனி தன் பழைய ஆகஸ்ட் வரைவையே நாலாம் அத்தியாயமாகத் திரும்ப வைத்து அனுப்பினாள். ஒரு சொல் மாற்றவில்லை. நியாயம்தானே, அவள் எழுதியதுதானே என்று நானும் நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆய்வேடு எங்கிருந்தாவது நகலெடுக்கப்பட்டதா என்று அங்கே கணினியில் போட்டுப் பார்ப்பார்கள். அது கட்டாயம்.

மாலையில் நூலகர் போன் செய்தார். "மேடம், உங்க ஸ்டூடண்டு நாலாம் அத்தியாயத்துல முக்கால்வாசி காப்பி அடிச்சிருக்கா. அதுவும் எங்கேர்ந்து தெரியுமா? உங்க பேப்பர்லேர்ந்தே. ஊஞ்சல் பத்தி அப்படியே இருக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமே விட்டுப்போச்சு மேடம்."

"சின்னப் பொண்ணு. நான் பேசிக்கறேன், இதை வெளியில விடவேண்டாம்" என்றேன். நூலகர் என் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்.

மே 23, வெள்ளி

வரச் சொன்னேன். வந்தாள். இளைத்திருக்கிறாள். கல்லூரியில் இந்த மாதம் முடியும்வரைதான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நூலகத்து அறிக்கையைக் காட்டினேன். அவள் எழுதிய வரிகளெல்லாம் சிவப்பில் இருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் பெயர். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அழுவாள் என்று நான் கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன்.

"மேடம், உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது, நான் போட்டது சரின்னு?"

"பேப்பர் எழுதறப்போதான். உன் தீசிஸ் போனதுக்கு அப்புறம்."

கட்டுரையை நவம்பரில்தான் எழுதினேன். அதில் பொய் கிடையாது.

தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் திருப்பி எழுத நாள் இல்லை என்பதால் நானே வழி சொன்னேன். சிவப்பாக இருப்பதையெல்லாம் மேற்கோளாக மாற்றிவிட்டு, அத்தியாயத்தின் தொடக்கத்தில், இந்த முடிவு தன்னுடையது அல்ல, தன் நெறியாளருடையது என்று ஒரு குறிப்பு. நூலகம் விட்டுவிடும், அருணகிரியும் விட்டுவிடுவார். மற்ற மூன்று அத்தியாயங்களுக்குப் பட்டம் கிடைத்துவிடும். அவளுடைய வேலையும் கைவிட்டுப் போகாது. இதைவிட ஒரு நெறியாளர் என்ன செய்ய முடியும்?

என் கணினியிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். மேற்கோள் குறிகளைப் போட்டு முடித்தாள். குறிப்புக்கு வந்ததும் கை நின்றது. என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க பேப்பர்ல இருந்து எடுத்தேன்னு போடவா, நீங்க சொல்லித் தந்தீங்கன்னு போடவா மேடம்?"

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. எதைப் போட்டால் காரியம் நடக்கும் என்றுதான் கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. அவளை இரண்டு கன்னத்திலும் அறையலாம் போலவும் இருந்தது.

"சொல்லித் தந்ததுன்னு போடு" என்றேன்.

போட்டாள். பக்கத்தை அச்செடுத்து, நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். இட்டேன். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லி, தாளை ஊதி மை காய வைத்து, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.